வீட்டுக் காரை விற்கப் போகிறீர்களா?

யானை இருந்தாலும் ஆயிரம் பொன், இறந்தாலும் ஆயிரம் பொன் என்பர். மோட்டார் காருக்கு அந்தப் பாக்கியம் கிடையாது. வாங்கி வந்த நாள் தொட்டே அதன் பெறுமதி தேயத் தொடங்கிவிடுகின்றது. ஆயினும், எங்கள் நாட்டு நடுத்தரக் குடும்பமொன்றின் ஆஸ்திகளை வரிசைப்படுத்திப் பார்த்தால், வீடு வளவுக்கும் நகை நட்டுக்கும் அடுத்தபடியாக இருப்பது பெரும்பாலும் வாசலில் நிற்கும் காரேயாகும்.

அதனை விற்க நேரும் வேளையும் சாதாரண வேளையன்று. மகளின் விவாகம், மகனின் மேற்படிப்பு, குடும்பத் தலைவரின் ஓய்வு, எதிர்பாராத வைத்தியச் செலவு ஆகிய இவற்றில் ஏதோ ஒன்று கதவைத் தட்டும்போதுதான் காரை விற்கும் எண்ணம் எழுகின்றது. அவசரமும் கவலையும் மிகுந்த அந்த வேளையில் கைக்கு வரவேண்டிய பணத்தில் ஒரு பகுதியை இழந்துவிடுவது எளிது. அதனிலும் கொடியது, பணத்தைப் பெற்றுக்கொண்டு வழக்கை வீட்டுக்கு வரவழைப்பது. கண்ணும் கருத்துமாகப் பேணிய காரை நியாயமான விலைக்கு, பின்னர் எவ்வித வில்லங்கமும் தொடராத வகையில், எங்ஙனம் விற்கலாம் என்பதே இக்கட்டுரையின் பொருள்.

நல்ல காருக்கு ஏன் நல்ல விலை வருவதில்லை?

"பத்து வருடமாகப் பிள்ளையைப் போல வைத்திருந்தோம். வருகிறவர்களோ ஏதோ இரும்புச் சாமானுக்கு விலை கேட்பதுபோலக் கேட்கிறார்கள்" என்று குறைப்படாத வீட்டுக்காரர் அரிது. இந்தக் குறைக்கு ஒரு காரணம் உண்டு. அதனை ஆராய்ந்தவர் ஜோர்ஜ் அகர்லொவ் என்னும் அமெரிக்கப் பொருளியல் அறிஞர். 1970ஆம் ஆண்டில் அவருடைய கட்டுரை வெளிவந்தது. அதற்கு முன் அதனைச் சில ஆய்வு ஏடுகள் வேண்டாமென்று திருப்பி அனுப்பியிருந்தன. பின்னாளில், 2001ஆம் ஆண்டில், பொருளியலுக்கான நோபல் பரிசை வேறிருவருடன் அவர் பகிர்ந்துகொண்டார்.

அவர் சொன்னதை எங்கள் கணக்கிலே பார்ப்போம். ஒரே வகை, ஒரே வருடத்துக் கார்கள் இரண்டு இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஒன்று நன்கு பேணப்பட்டது, 30 இலட்சம் ரூபா பெறும். மற்றையது உள்ளே பழுதுற்றது, 20 இலட்சமே பெறும். வெளிப்பார்வைக்கு இரண்டும் ஒன்றே. வாங்க வருபவருக்கு எது எதுவென்று தெரியாது. ஆதலால் இரண்டுக்கும் நடுவாக 25 இலட்சம் தருவதாகச் சொல்கின்றார். பழுதான காரின் சொந்தக்காரர் மகிழ்ச்சியோடு சம்மதிக்கின்றார். நல்ல காரின் சொந்தக்காரரோ மனம் நொந்து, விற்கவே வேண்டாமென்று வண்டியைக் கராஜுக்குள் விட்டுப் பூட்டிவிடுகின்றார். இவ்வாறு நல்ல வண்டிகள் சந்தையை விட்டு விலக விலக, சந்தையில் எஞ்சுவன பழுதானவையே. அதனை அறிந்து வாங்குபவரும் விலையை மேலும் குறைக்கின்றார்.

அமெரிக்கர் தம் பேச்சு வழக்கில் பழுதான காரை எலுமிச்சை என்பர். அகர்லொவும் அச்சொல்லையே தம் கட்டுரைத் தலைப்பில் வைத்தார். நம்மவரோ புதிதாக வாங்கிய காரின் ரயர்களின் கீழ்த் தேசிக்காய் வைத்து நசுக்கித்தான் பயணம் தொடங்குவர். அங்கே அது பழுதின் பெயர். இங்கே அது கண்ணூறு கழிக்கும் பொருள்!

இதிலிருந்து நாம் கற்கவேண்டியது யாது? வாங்க வருபவர் குறைத்துக் கேட்பது நம்மை அவமதிக்கும் நோக்கத்தினால் அன்று. காரைப் பற்றி நமக்குத் தெரிந்தது அவருக்குத் தெரியாது என்பதே காரணம். அந்த அறியாமையை நீக்குவது விற்பவரின் பொறுப்பு. அதனை வாய்ச்சொல்லால் நீக்க முடியாது. எல்லோரும் தம் காரை நல்லதென்றே சொல்வர். சான்றுகளால்தான் நீக்க வேண்டும்.

பழைய பற்றுச்சீட்டுகளின் பெறுமதி

ஆகவே விற்பனைக்கு முதலாவது ஆயத்தம் மேசை லாச்சியிலே தொடங்குகின்றது. காருக்கு எப்போது எஞ்சின் ஒயில் மாற்றினீர்கள், எந்தக் கிலோமீற்றரில் பிறேக் கட்டைகள் மாற்றினீர்கள், பற்றரி எப்போது வாங்கினீர்கள் என்பவற்றுக்கான பற்றுச்சீட்டுகளைத் திகதி வாரியாக ஒரு கோப்பிலே சேருங்கள். மீற்றரைப் பின்னோக்கித் திருப்பிவைக்கும் மோசடி உலகெங்கும் உள்ளதொன்று. ஆனால் ஆறேழு வருடத்துப் பற்றுச்சீட்டுகளில் கிலோமீற்றர் இலக்கம் படிப்படியாக ஏறி வந்திருப்பதைக் காணும் ஒருவர், மீற்றரைப் பற்றிய சந்தேகத்தை அக்கணமே விட்டுவிடுவார். அந்தச் சிறு கடதாசிகள் புதிய வர்ணப்பூச்சிலும் மேலான பெறுமதி உடையவை.

ஆண்டுதோறும் வருமான அனுமதிப்பத்திரம் பெறும்போது காட்டிய புகைப் பரிசோதனைச் சான்றிதழ்கள் இருந்தால் அவற்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். காப்புறுதிப் பத்திரத்தையும், விபத்து ஏதும் நேர்ந்திருந்தால் அதனைத் திருத்திய விபரத்தையும் உடன் வையுங்கள்.

பராமரிப்பு என்பது எத்துணை வலியது என்பதற்கு யாழ்ப்பாணத்து வீதிகளே சாட்சி. மொறிஸ் மைனர் கார் 1948ஆம் ஆண்டில் அறிமுகமாகி, 16 இலட்சத்துக்கு மேற்பட்ட எண்ணிக்கையில் செய்யப்பட்டு, 1970களின் தொடக்கத்தோடு நின்றுபோனது. அந்தக் காரையும் ஒஸ்ரின் வண்டிகளையும் யாழ்ப்பாணத்தார் விட்டுவிடவில்லை. 1990களில் பெற்றோல் வருவது தடைப்பட்ட காலத்திலே, சில துளி பெற்றோல் விட்டு எஞ்சினைக் கிளப்பி, பின்னர் மண்ணெண்ணெயில் அவற்றை ஓட்டினார்கள். அந்த வண்டிகளை வாழவைத்தது செய்தவரின் திறமை மட்டுமன்று. பேணியவரின் கையும் சேர்த்தேயாகும்.

மினுக்குவதா, திருத்துவதா?

விற்கும் முன்னர் காருக்குப் புது வர்ணம் பூசினால் விலை கூடும் என்று எண்ணுவோர் பலர். பெரும்பாலும் நிகழ்வது இதற்கு மாறானது. அண்மையில் பூசிய வர்ணத்தைக் கண்டதும், "இதன் கீழே எதனை மறைத்திருக்கிறார்களோ?" என்ற ஐயமே முதலில் எழும். விபரமறிந்தவர் ஒரு சிறு காந்தத்தைக் கதவின் மேலும் மட்காட்டின் மேலும் வைத்துப் பார்ப்பார். இரும்புத் தகட்டில் ஒட்டும் காந்தம், பசை தடவி நிரப்பிய இடத்தில் ஒட்டாது. சிறு கீறல்களும் ஓரிரண்டு நசிவுகளும் பத்து வயதுக் காருக்கு இயல்பு. அவற்றை அப்படியே விட்டுவிடலாம்.

எஞ்சினை நீராவியால் கழுவிப் பளபளப்பாக்குவதும் அத்தகையதே. ஒயில் கசிவை மறைக்கும் தந்திரமோ என்று எண்ண இடமுண்டு. துணியால் தூசியைத் துடைத்தால் போதுமானது.

ஆயின் செய்யவேண்டியவை எவை? உள்ளேயுள்ள ஆசனங்களையும் பாய்களையும் நன்கு துப்புரவாக்கி, வெயிலில் கதவுகளைத் திறந்துவைத்து வாடையைப் போக்குங்கள். எரியாத விளக்குகள், தேய்ந்த துடைப்பான், ஒலிக்காத ஹோர்ன் போன்ற சில்லறைக் குறைகளைத் திருத்திவிடுங்கள். இவற்றுக்கு ஆகும் செலவு சிறிது. ஆனால் திருத்தாது விட்டால், "இதைக்கூடக் கவனிக்காதவர் எஞ்சினையா கவனித்திருப்பார்?" என்ற கேள்வி பிறக்கும். பெருஞ்செலவுப் பழுதுகள் வேறு வகையானவை. அவற்றைத் திருத்திவிட்டு விற்றால், செலவிட்ட தொகை முழுவதும் விலையில் திரும்பி வருவது அரிது. அவற்றை உள்ளபடி சொல்லி, விலையிலே குறைத்துக்கொடுப்பதே இருசாராருக்கும் நன்று.

பழுதை மறைக்கலாமா?

இங்கேதான் மனச்சாட்சியின் கேள்வி எழுகின்றது. காலையில் முதல்முறை கிளப்பும்போது எஞ்சின் சிறிது நீலப்புகை கக்குகின்றது. ஒயில் எரிகின்றது என்பது அதன் பொருள். வருபவர் வருவதற்கு அரைமணி நேரத்துக்கு முன்னரே எஞ்சினை ஓடவிட்டுச் சூடாக்கிவைத்தால் அந்தப் புகை தெரியாமலே போகக்கூடும். மறைத்துவிடலாமா?

வாங்க வருபவரும் நம்மைப் போன்ற ஒரு குடும்பத்தவரே. நாம் மகளின் விவாகத்துக்காக விற்கும் காரை, அவர் பிள்ளைகளைப் பாடசாலைக்குக் கொண்டுசெல்லக் கடன்பட்டு வாங்குகின்றார். பிறேக்கில் உள்ள குறையை மறைத்தால் நாம் எடுத்துக்கொள்வது அவருடைய பணத்தை மட்டுமன்று, அந்தப் பிள்ளைகளின் பாதுகாப்பையுமாகும். பிறர் பொருளையும் தம் பொருளைப் போலப் பேணிச் செய்வதே வாணிகம் என்று வள்ளுவர் நடுவு நிலைமையிலே வைத்துப் பேசியதும் இது பற்றியே.

அறத்தை ஒருபுறம் வைத்து இலாபத்தை மட்டும் பார்த்தாலும் உண்மையே பயன் தரும். குறைகளை நாமே முன்வந்து ஒரு தாளில் எழுதிக்கொடுத்தால், எழுதாத ஏனைய பகுதிகள் நன்றாயிருக்கின்றன என்ற நம்பிக்கை பிறக்கும். மேலும், "இக்குறைகளை அறிந்தே வாங்குகிறேன்" என்று அவர் கையொப்பமிட்ட தாள் பின்னாளில் நமக்கே அரணாகும். ஆகவே அவர் வரும்வரை எஞ்சினைக் குளிர்ந்தபடியே விடுங்கள். அவர் கண்முன்னே கிளப்பிக் காட்டுங்கள். ஒயில் கோலையும் அவர் கையிலேயே கொடுங்கள். ரயரின் வயதை அறிய விரும்பினால், அதன் பக்கத்திலுள்ள நான்கிலக்க எண்ணைக் காட்டுங்கள். முதலிரண்டு இலக்கங்கள் செய்த வாரத்தையும் பின்னிரண்டும் ஆண்டையும் குறிக்கும். அவர் தமக்கு வேண்டிய மெக்கானிக்கை அழைத்துவர விரும்பினால் முகம் சுளியாது வரவேற்றுக்கொள்ளுங்கள்.

விலையை மதிப்பிடும் முறை

காரின் மேல் நமக்குள்ள பாசத்துக்குச் சந்தையிலே விலை இல்லை. முதற்குழந்தையை வைத்தியசாலையிலிருந்து கொண்டுவந்த கார் என்பது நமக்குப் பொக்கிஷம். வாங்குபவருக்கு அது செய்தியேயன்று. எனவே விலையை நெஞ்சிடம் கேளாமல் விளம்பரங்களிடம் கேளுங்கள். அதே வகை, அதே வருடம், ஏறத்தாழ அதே கிலோமீற்றர் ஓடிய பத்துக் கார்களின் விளம்பரங்களைச் சேகரியுங்கள். மிகக் கூடிய இரண்டையும் மிகக் குறைந்த இரண்டையும் தள்ளிவிட்டு, எஞ்சிய ஆறின் நடுவிலே உங்கள் காரை வையுங்கள். விளம்பரத்தில் காண்பது கேட்கும் விலையே. கைக்கு வரும் விலை அதனிலும் குறைவு என்பதையும் நினைவில் வையுங்கள்.

எங்கள் நாட்டிலே பழைய கார்களின் விலை அண்மைக் காலத்தில் விசித்திரமான போக்கைக் கண்டது. அந்நியச் செலாவணி நெருக்கடியினால் 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டபின், வாங்கிய விலையிலும் கூடிய விலைக்குப் பழைய காரை விற்றவர் பலர். 2025 பெப்ரவரி முதலாந் திகதி தொடக்கம் தனியார் வாகன இறக்குமதிக்கு மீண்டும் வழி திறக்கப்பட்டது. இவ்வாறு அரசாங்க அறிவித்தல் ஒன்றினாலேயே விலை ஏறவும் இறங்கவும் கூடுமாதலால், சென்ற வருடம் அயலவர் விற்ற விலையை இவ்வருடம் அளவுகோலாகக் கொள்ளுதல் ஆகாது. அன்றன்றைய நிலவரத்தைக் கேட்டறிவதே அறிவுடைமை.

மனத்துள் இரண்டு தொகைகளை முன்கூட்டியே தீர்மானித்துக்கொள்ளுங்கள். ஒன்று வாய் திறந்து கேட்கும் விலை. மற்றையது அதற்குக் கீழே இறங்குவதில்லை என்ற எல்லை. இரண்டாவது தொகையைக் கணவனும் மனைவியும் அன்றி மூன்றாமவர் அறியலாகாது. தரகர் அறிந்துவிட்டால் பேரம் அங்கேயே தொடங்கும்!

வண்டியை ஓட்டிப் பார்க்க விரும்புவோரிடம் சாரதி அனுமதிப்பத்திரத்தைக் கேட்டுப் பார்ப்பதில் கூச்சம் வேண்டாம். வீட்டவர் ஒருவர் உடன் செல்லாமல் காரைக் கொடுத்தனுப்பவும் வேண்டாம். பணத்தை வங்கியிலேயே வைத்துப் பெறுவது உத்தமம். காசோலையாயின், பணம் கணக்கில் வந்து சேர்ந்ததை வங்கி உறுதிப்படுத்திய பின்னரே திறப்பைக் கொடுங்கள்.

திகதியில்லாத கையொப்பம்

எல்லாவற்றிலும் முக்கியமான விடயத்துக்கு இப்போது வருவோம். காரை விற்று, பணத்தை எண்ணி எடுத்துக்கொண்டதோடு வேலை முடிந்தது என்று பலர் எண்ணுகின்றனர். அன்று. பதிவேட்டில் உங்கள் பெயர் இருக்கும்வரை, அரசாங்கத்தின் கண்ணில் அந்தக் காரின் சொந்தக்காரர் நீங்களே.

1951ஆம் ஆண்டின் 14ஆம் இலக்க மோட்டார் வாகனச் சட்டத்தின்படி, கார் கைமாறிய 14 நாட்களுக்குள் பதிவுபெற்ற சொந்தக்காரர் அதனை மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்துக்கு அறிவித்தல் வேண்டும். அதற்குரிய படிவம் எம்.ரீ.ஏ. 6 எனப்படும். வாங்கியவர் தம் பெயருக்குப் பதிவை மாற்றக் கொடுப்பது எம்.ரீ.ஏ. 8 என்னும் படிவம்.

நடைமுறையில் நிகழ்வதோ வேறு. காரை வாங்கும் வியாபாரி, "ஐயா, திகதி போடாமல் கையெழுத்து மட்டும் வைத்துத் தாருங்கள். வாங்கப் போகிறவரின் பெயருக்கு நேரே மாற்றிவிடலாம்" என்பார். அவருக்கு ஒரு பதிவுச் செலவு மிச்சம். விற்பவரும் மறுத்துச் சொல்லக் கூச்சப்பட்டுக் கையொப்பமிட்டுக் கொடுக்கின்றார். அந்தக் கார் வியாபாரியிடமிருந்து இன்னொருவருக்கும், அவரிடமிருந்து வேறொருவருக்கும் கைமாறிச் செல்கின்றது. கையொப்பமிட்ட படிவமும் அதனோடு ஊர் சுற்றுகின்றது. பெயர் மட்டும் மாறுவதில்லை.

இனி நினைத்துப் பாருங்கள். இரண்டு வருடம் கழித்து எங்கோ ஒரு வீதியில் அந்தக் கார் ஒருவரை மோதிவிட்டு நிற்காமல் போகின்றது. இலக்கத்தைக் கண்டவர் பொலிசில் சொல்கின்றார். பொலிசார் பதிவேட்டைப் பார்த்து வந்து நிற்பது யார் வீட்டு வாசலில்? ஓய்வூதியத்தில் அமைதியாகக் காலங்கழிக்கும் ஒரு முதியவரின் வாசலில்! காரை விற்றுவிட்டேன் என்கிறார் அவர். யாருக்கு விற்றீர், எப்போது விற்றீர், அதற்கு அத்தாட்சி என்ன என்று கேட்டால் அவர் கையில் ஒரு துண்டுக் கடதாசியும் இல்லை. குற்றம் செய்யாத அவர் அதனை நிரூபிக்கப் பொலிஸ் நிலையத்துக்கும் நீதிமன்றத்துக்கும் அலைய வேண்டியதாகின்றது. ஒரு கையொப்பத்தின் பக்கத்தில் ஒரு திகதியை எழுதியிருந்தால் இவ்வளவும் இல்லை.

ஆதலின் இவற்றைத் தவறாது செய்யுங்கள். படிவத்தின் எல்லா இடங்களையும் நிரப்பி, திகதியிட்டு, அதன்பின்னரே கையொப்பமிடுங்கள். அறிவித்தலை நீங்களே திணைக்களத்தில் கொடுங்கள், அல்லது பதிவுத் தபாலில் அனுப்பிப் பற்றுச்சீட்டைப் பத்திரப்படுத்துங்கள். வாங்குபவரின் தேசிய அடையாள அட்டைப் பிரதியொன்றைப் பெற்றுக்கொள்ளுங்கள். விற்பனைப் பத்திரத்தில் காரின் பதிவிலக்கம், எஞ்சின் இலக்கம், அடிச்சட்ட இலக்கம், தொகை ஆகியவற்றோடு, கையளித்த நாளையும் மணியையும் எழுதுங்கள். மணி எதற்கு என்று கேட்கலாம். காலை பத்து மணிக்குக் காரைக் கொண்டுபோனவர் மாலை நான்கு மணிக்கு விபத்துக்குள்ளானால், அந்த ஒரு வரியே உங்களைக் காப்பாற்றும். காப்புறுதிக் கம்பனிக்கும் அன்றே அறிவித்துவிடுங்கள்.

கார் குத்தகைக் கடனில் வாங்கப்பட்டதாயின், பதிவுச் சான்றிதழில் நிதி நிறுவனத்தின் பெயர் முழு உரிமையாளர் என்று பதிவாகியிருக்கும். கடன் கட்டி முடித்த பலர் அந்தப் பெயரை நீக்க மறந்துவிடுகின்றனர். விளம்பரம் செய்வதற்கு முன்னரே நிறுவனத்திடம் கடிதம் பெற்று அதனை நீக்கிக்கொண்டால், பேசி முடித்த வியாபாரம் கடைசி நேரத்தில் குழம்பாது.

மறைந்தவர் பெயரிலுள்ள கார்

குடும்பத் தலைவர் காலமானபின், அவர் பெயரிலுள்ள காரை விற்கும் கடமை மனைவியின் தலையில் விழுவதுண்டு. கார் ஓட்டத் தெரியாத, அதன் பத்திரங்களை ஒருநாளும் தொட்டறியாத பெண்கள் இவ்வேளையில் படும் அல்லல் சொல்லுந்தரமன்று. "அண்ணன் போட்ட கையெழுத்தைப் போலப் போட்டுவிடலாம் அக்கா, யார் பார்க்கப் போகிறார்கள்?" என்று உதவிக்கு வருவோரும் உளர். அது உதவியன்று, கள்ளக் கையொப்பம். இறந்தவர் கையொப்பமிட்டதாகக் காட்டும் பத்திரம் என்றைக்கு வெளிப்பட்டாலும் குற்றமே. உரிமை யாருக்குச் சேர்ந்தது என்பதைச் சட்டப்படி நிறுவிய பின்னரே விற்பனை செய்தல் வேண்டும். சில மாதம் தாமதமானாலும் சட்டத்தரணி ஒருவரின் ஆலோசனைப்படி நடப்பதே பாதுகாப்பு. இத்தகைய இடர் நேராதிருக்க, கணவன் உயிரோடும் நலத்தோடும் இருக்கும்போதே காரின் பதிவுச் சான்றிதழ் எங்கே இருக்கின்றது, கடன் ஏதும் உளதா, காப்புறுதி எந்த மாதம் முடிகின்றது என்பவற்றை மனைவியும் அறிந்திருத்தல் நலம். வீட்டு உறுதி எங்கேயென்று அறிந்துவைத்திருக்கும் இல்லத்தரசிகள் கார்ப் பத்திரங்களையும் அந்தப் பெட்டியிலேயே வைத்துக்கொள்ளலாகாதா?

ஒரு வார்த்தை. கார் வாசலை விட்டுப் புறப்படும் முன் அதன் பெட்டிகளையும் ஆசனங்களின் அடியையும் ஒருமுறை துழாவிப் பாருங்கள். பிள்ளைகளின் விளையாட்டுச் சாமான், கோயில் விபூதிப் பொட்டலம், தொலைந்துபோனதென்று தேடிய திறப்பு எல்லாம் அங்கேதான் இருக்கும். பிள்ளைகள் கண்கலங்கினால் தடுக்க வேண்டாம். காரோடு வந்த மாற்றுத் திறப்பையும், பராமரிப்புப் புத்தகத்தையும், எந்தக் கராஜில் யார் அதன் குணமறிந்தவர் என்ற விபரத்தையும் புதியவரிடம் கொடுத்து அனுப்புங்கள். நாம் பேணிய ஒன்று இன்னொரு வீட்டிலும் பேணப்படுமாயின், விலையில் விட்டுக்கொடுத்த சில ஆயிரங்களைப் பற்றி மனம் வருந்தாது.